மூன்று சிறு துளைகள்

ஒன்பதாம் வகுப்பு, முதல் பாடவேளை. அந்த மாணவி மேசையில் தலைசாய்த்துப் படுத்திருந்தாள். "தொப்புளைச் சுத்தி வலிக்குது டீச்சர்" என்றாள். காலையில் சாப்பிடவில்லையாம். பசி வலிதான் என்று நானே முடிவு கட்டி, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மதிய இடைவேளையில் பார்த்தபோது சோற்றைத் தொடாமல் வைத்திருந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்திருந்தது. நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை. பல வருடங்களாகக் குடல்வாலின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வருபவள் நான். கண்ணெதிரே அது நடந்தபோது அரை நாளை வீணாக்கிவிட்டேன்.

அன்று மாலை அரசு மருத்துவமனையில் குடல்வால் அழற்சி என்று உறுதி செய்தார்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றலாம் என்றார் மருத்துவர். ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய அம்மா என்னிடம் வந்தார். "லேசர் ஆபரேசன்னு சொல்றாங்க டீச்சர். வயித்துக்குள்ள காத்து வேற அடிப்பாங்களாம். பொம்பளப் புள்ள. பழையபடி கிழிச்சே பண்ணச் சொல்லிடவா?"

ஊரில் எல்லாரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் லேசர் கிடையாது. கணினி தானாக வெட்டுவதும் கிடையாது. வெட்டுவது மருத்துவரின் கைதான், கருவிதான் நீளம். தொப்புள் அருகே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் துளையிட்டு, அதன் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்துவார்கள். கருவிகள் நுழைய, அதைவிடச் சிறிதாக இன்னும் இரண்டு துளைகள். உள்ளே தெரிவதைத் திரையில் பார்த்தபடி குடல்வாலின் அடியைக் கட்டி, வெட்டி, சிறு பையில் போட்டுத் துளை வழியாகவே வெளியே எடுத்துவிடுவார்கள்.

"சரி, காத்து எதுக்கு?" என்றார் அவர். வயிற்றுச் சுவரும் குடலும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. காலிப் பைக்குள் கைவிட்டுத் தேட முதலில் பையை விரிக்க வேண்டுமல்லவா? அதுபோல வாயுவைச் செலுத்திச் சுவரை உயர்த்தினால்தான் பார்க்க இடம் கிடைக்கும். அது சாதாரணக் காற்று அல்ல, கார்பன் டைஆக்சைடு. எரியும் தீக்குச்சியை அணைத்துக் காட்ட நாம் வகுப்பில் பயன்படுத்தும் அதே வாயு. இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியை உள்ளே பயன்படுத்துவதால், எரிய உதவாத வாயுதான் தேவை. மேலும் அது இரத்தத்தில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறிவிடும். அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். இரத்த அழுத்தம் 120 என்கிறோமே, அதில் எட்டில் ஒரு பங்கு. அழுத்தம் கூடாமல் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உள்ள சிக்கல் ஆனா?" என்றார். சரியான கேள்வி. குடல்வால் வெடித்து ஒட்டிக்கிடந்தாலோ, இரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, பார்வை தெளிவில்லாவிட்டாலோ மருத்துவர் வயிற்றைத் திறந்துவிடுவார். அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது. படிவத்தில் அதற்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் கேட்கிறார்கள் என்றேன். கையெழுத்திட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். வயிற்று வலியைவிட வலது தோள்பட்டை வலிதான் அவளுக்குத் தொந்தரவு. அம்மா பயந்துபோயிருந்தார். வயிற்றில் தங்கிய வாயு உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கான நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் ஒரே இடத்தை ஒட்டி இணைவதால், மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. அவளுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1901இல் ஜெர்மனியின் ஜார்ஜ் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் விரித்து, குழாய் வழியே உள்ளே பார்த்திருக்கிறார். 1910இல் ஸ்வீடனின் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். பல பத்தாண்டுகள் இது பெரும்பாலும் பார்ப்பதற்கான முறையாகவே இருந்தது. குடல்வாலை இம்முறையில் முதலில் அகற்றியவர், 1980இல், கீல் நகரின் குர்ட் செம். அவர் மகப்பேறு மருத்துவர்; அறுவை மருத்துவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்களாம். பித்தப்பையை இம்முறையில் அகற்றும் சிகிச்சையை 1990இல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். வயிற்றுக்குள் வெளிச்சம் கொண்டுபோகும் கேபிளில் இருப்பது ஒளியிழை. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1950களில் ஆராய்ந்தது அதைத்தான். ஒன்பதாம் வகுப்பு முழு அக எதிரொளிப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நான் இதை எழுதக் காரணம், அவள் பள்ளிக்குத் திரும்பிய பின் நடந்தது. பத்தாம் நாள் வந்தாள். மூன்று சிறு பிளாஸ்திரிகள், அவ்வளவுதான். விளையாட்டு வேளையில் ஓரமாக உட்கார்ந்தவளை, "இத்தனூண்டு காயத்துக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே தழும்பு சிறியது. ஆனால் உள்ளே நடந்தது அதே அறுவை சிகிச்சைதான். குடல்வாலை அகற்றிய இடமும், துளையிட்ட தசையும் ஆற நாளாகும். பாரம் தூக்குவதையும் ஓட்டத்தையும் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் எழுதித் தருவார். அந்தச் சீட்டின் நகலை வகுப்பாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் வைத்திருப்பது நல்லது. காய்ச்சல், தொடர் வாந்தி, வயிறு உப்புதல், துளையில் சீழ் என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். அதேபோல, தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலியுள்ள பிள்ளைக்கு உணவோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். நான் செய்ததுபோல மதியம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு காலணிப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். மூடியில் மூன்று துளைகள். நடுத்துளையில் என் கைப்பேசிக் கேமரா, பக்கத்துத் துளைகளில் இரண்டு நீளமான குச்சிகள். திரையை மட்டும் பார்த்து, உள்ளே கிடக்கும் புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். கை இடப்பக்கம் போனால் குச்சியின் முனை வலப்பக்கம் போனது. துளைதான் ஆதாரப்புள்ளி என்று நெம்புகோலை நினைவுபடுத்தி ஒரு பையன் கத்தினான். அவள் எழுந்து வந்து மூன்று முறை முயன்றாள். கொட்டை உருண்டுகொண்டே போனது. "அந்த டாக்டர் எப்படி டீச்சர் செஞ்சாரு?" என்று கேட்டுவிட்டு, நான்காம் முறை குச்சியைப் பிடித்தாள்.