லைன் கிளியர் கிடைக்குமா?

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "இனிமே சும்மாதானே இருக்கப் போறீங்க சார்" என்று சங்கத்து அன்பர்கள் நூலக அலமாரிச் சாவியை என் கையில் திணித்தார்கள். பதிவேட்டைப் புரட்டினேன். கடைசியாக ஒருவர் புத்தகம் எடுத்துப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

ஒரு நாள் பக்கத்து ஊர்ச் சங்கத்திலிருந்து ஒரு நண்பர் வந்தார். "பத்துப் புத்தகம் கொடுங்க. ரெண்டு மாசத்துல திருப்பித் தந்துடறோம்" என்றார். "விதிமுறையில் இடமில்லையே!" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். சங்கத்துச் சொத்தைக் காப்பாற்றியதாக அன்று எனக்குப் பெருமை வேறு!

அதன் பிறகு கனடாவில் கிச்சனர் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். கிச்சனர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ் மூன்றும் ஒட்டினாற்போல் இருக்கும் நகரங்கள். சுற்றிலும் நான்கு கிராமப் பகுதிகள். ஒவ்வொரு நகரத்துக்கும் தனி நிர்வாகம், தனி நூலகம். ஆனாலும் 2002இல் இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள். ஊரே ஒரு நூலைப் படிப்பது என்ற இந்த யோசனை 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், நான்சி பேர்ல் என்ற நூலகரின் முயற்சியில் பிறந்தது.

அங்கே முதலில் படித்த நாவல் அலிஸ்டர் மெக்லவுட் எழுதிய 'நோ கிரேட் மிஸ்சீஃப்'. 1779இல் ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. கேலிக் மொழியையும் பாட்டையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காக்கப் பார்க்கிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். இது நம் வீட்டுக் கதை அல்லவா என்று தோன்றியது. நூலகத்தில் என் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்த ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். புத்தகம் அலமாரியில் இருந்தால் அது சொத்து; நாலு பேர் வாயில் இருந்தால்தான் உறவு என்று அன்று புரிந்தது.

ஊர் திரும்பியதும் பேரனைக் கவனித்தேன். வீட்டில் தமிழ் பேசுகிறான். மராத்தி, இந்தி, ஆங்கிலம் எழுதப் படிக்கிறான். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. இன்னும் பதினைந்து வருடத்தில் அந்த அலமாரிச் சாவியை யாரிடம் கொடுப்பது?

ஒற்றைத் தடத்தில் ரயில் விட டோக்கன் கருவி உண்டு. எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் தம் கருவியை இயக்கினால்தான் இங்கே டோக்கன் வெளியே வரும். ஒருவர் மட்டும் நினைத்தால் வண்டி நகராது. அதை வருடக்கணக்கில் பழுது பார்த்தவனுக்கு, பக்கத்து ஊர் நண்பர் கேட்டபோது மட்டும் இது மறந்துவிட்டது!

1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் ஊர்களில் இருக்கும் நமக்கோ ஒரே தடம், அரை மணிப் பயணம்.

என் யோசனை இதுதான். முதல் நூலாகக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசல் மண்ணில் வேரூன்றியவர்களின் கதை. ஊருக்குப் பத்துப் பிரதி, மூன்று மாத அவகாசம். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தினம் இருபது நிமிடம் வாசித்துக் காட்டலாம். கடைசி ஞாயிறன்று மூன்று ஊராரும் ஓரிடத்தில் கூடிப் பேசலாம். பேரனிடம் சொன்னேன். "நீங்க படிங்க தாத்தா, நான் கேக்கறேன். அப்புறம் எழுத்தையும் சொல்லிக் கொடுங்க" என்றான்.

போன வாரம் அந்த நண்பருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். கதவை மட்டும் திறந்து வைங்க" என்றார்.

திறந்து வைத்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அலமாரி அருகிலேயே இருப்பேன். விருப்பமுள்ள குடும்பத்தார் வந்து பெயர் கொடுங்கள்.