அஞ்சற் சேவையகத்தின் பதிவேடு: சாட்சியமும் தீர்ப்பும்

மின்னஞ்சல் ஒன்று உரியவரை அடையவில்லை என்ற முறைப்பாடு எழுமிடத்து, நிருவாகி முதலில் நாடுவது சேவையகத்தின் பதிவேட்டையே. ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல்லை அங்கு கண்டதும் விசாரணை முடிந்துவிடுகின்றது. விண்ணப்பத்தையோ புலமைப்பரிசிற் கடிதத்தையோ இழந்தவர் அதன்பின் வாய்திறக்க இடமில்லை, இயந்திரமே எழுதிவிட்டதல்லவா! இம்முடிபு எத்துணை பொருத்தமானது என்பதையும், விளங்காத பதிவுக் குறிப்புகளை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலை எழுதிய எரிக் ஓல்மன், 1980களில் அதன் துணையாகவே சிஸ்லொக் என்னும் பதிவு முறையையும் ஆக்கினார். பின்னர் ஏனைய நிரல்களும் அதனைக் கைக்கொண்டன. இப்பதிவேட்டில் ஒரு நிரல் தான் கண்டதையும் செய்ததையும் மட்டுமே எழுதுகின்றது. மறுமுனையில் நிகழ்ந்ததை அது அறியாது. ஆகவே பதிவுக் குறிப்பு ஒரு சாட்சியமேயன்றித் தீர்ப்பு அன்று.

1982இல் ஜொன் போஸ்ரல் வகுத்தளித்த அஞ்சற் பரிமாற்ற விதிமுறையின்படி, ஒவ்வொரு கட்டளைக்கும் மூவிலக்க எண்ணொன்று மறுமொழியாக வருகின்றது. முதலிலக்கம் 2 எனின் ஏற்பு. 4 எனின் தற்காலிகத் தடை. 5 எனின் நிரந்தர மறுப்பு. கடிதம் முழுவதும் கையளிக்கப்பட்டபின் வரும் 250 என்ற எண், அடுத்த சேவையகம் அதற்குப் பொறுப்பேற்றது என்பதையே உணர்த்தும். ‘அனுப்பப்பட்டது’ என்பதன் பொருளும் அவ்வளவே. அச்சேவையகம் அதனைக் குப்பை அஞ்சற் கோப்புறையுள் இட்டிருக்கலாம், வேறிடத்துக்குத் திருப்பியுமிருக்கலாம்.

450 என்ற மறுமொழி இதற்கு எதிர்மாறான மயக்கத்தை விளைவிக்கின்றது. 2003இல் முன்வைக்கப்பட்ட ‘சாம்பற் பட்டியல்’ முறையின்படி, முன்பின் அறியாத அனுப்புநரைப் பெறும் சேவையகம் முதன்முறை வேண்டுமென்றே திருப்பிவிடுகின்றது. முறையான சேவையகம் சற்றுப் பொறுத்து மீண்டும் வரும். குப்பை அஞ்சல் அனுப்பும் நிரல்கள் பல அவ்வாறு வருவதில்லை. இதனை அறியாத நிருவாகி, பழுது என எண்ணிக் காத்திருப்பு வரிசையிலிருந்து கடிதத்தை நீக்குவாராயின், தானாகவே சென்றிருக்கக்கூடிய கடிதம் அவர் கையாலேயே அழிகின்றது.

அனுப்புநர் முகவரி வெறுமையாகவுள்ள குறிப்புகளும் ஐயத்துக்கு இடமளிப்பன. முகவரியற்ற கடிதம் மோசடியே எனக் கருதி அவற்றை முற்றாகத் தடைசெய்வோருமுளர். உண்மையில், சேராத கடிதம் பற்றிய அறிவித்தல்கள் விதிப்படி வெறுமையான முகவரியுடனேயே அனுப்பப்படுகின்றன. அன்றேல், அறிவித்தலும் சேராதவிடத்து அதற்கோர் அறிவித்தல், அதற்கும் மற்றொன்று என முடிவற்ற சுழற்சி தோன்றும். இவற்றைத் தடைசெய்யும் நிறுவனத்தின் பயனாளர் தம் கடிதம் சேரவில்லை என்பதைக்கூட அறியாதிருப்பர்.

மற்றொன்று, இணைந்த கணனி அஞ்சற் கட்டளை எதனையும் இடாமலே விலகியது எனச் சென்ட்மெயில் எழுதும் குறிப்பாகும். இது தாக்குதலுக்கு முன்னோடியான வேவாக இருக்கலாம்; சேவையகம் இயங்குகின்றதா எனச் சோதிக்கும் நிறுவனத்தின் சொந்த நிரலாகவும் இருக்கலாம். குறிப்பு மட்டும் இதனைத் தெளிவுபடுத்தாது. ஒரே உள்ளக முகவரியிலிருந்து ஒரே கால இடைவெளியில் அது மீளமீள வருமாயின் பிந்தியதே பொருத்தமெனக் கொள்ளலாம்.

முறையியல் வகையில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. பல கடிதங்கள் பற்றிய வரிகள் பதிவேட்டில் ஏடு கலைந்த சுவடிபோலக் கலந்து கிடக்கும். ஒரு கடிதத்துக்குரிய வரிசை அடையாள எண்ணைக் கொண்டு அவற்றைத் தொகுத்த பின்னரே பொருள் காணல் வேண்டும். அடுத்து, பழைய சிஸ்லொக் வடிவத்தில் ஆண்டோ நேரவலயமோ இல்லை. கொழும்பு நேரத்தில் எழுதும் சேவையகத்தையும் கிறீன்விச் நேரத்தில் எழுதும் சேவையகத்தையும் ஒப்பிடுபவர், ஐந்தரை மணி வேறுபாட்டை மறப்பின், விளைவைக் காரணமாகவும் காரணத்தை விளைவாகவும் கொள்ள நேரும்.

கல்வெட்டை வாசிக்கும் வரலாற்றாசிரியன், அதை வெட்டுவித்தவன் யார், எதனை அறியக்கூடிய நிலையில் இருந்தான் என வினவுகின்றான். பதிவேட்டிடமும் அதே வினா எழுப்பப்படல் வேண்டும். பதிவேட்டைப் பார்க்கும் உரிமை நிருவாகியிடமே உண்டு. முறையிடுபவருக்கோ தம் சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. இச்சமமின்மை நிலவும்வரை, அரைகுறை வாசிப்பு தொழில்நுட்பத் தவறு மட்டுமன்று, அநீதியுமாகும்.