ஒட்டாமல் நிற்கும் தரை

லேமினேட் தரை பார்வைக்கு மரம். உண்மையில் மரத்தின் படம். மரநாரைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பலகைதான் அதன் உடம்பு. அதன்மேல் தேக்கு, ஓக் வரிகளை அச்சிட்ட தாள் இருக்கும். அதற்கும் மேலே, தேய்மானத்தைத் தாங்க அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமின் படலம். பலகை வளைந்துவிடாமல் அடியிலும் ஒரு தாள் உண்டு. சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் உருவாக்கிய இந்தத் தரை, பெர்கோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முதலில் கோந்து தடவித்தான் பலகைகளை இணைத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் ‘கிளிக்’ விளிம்பு வந்தது. கோந்து வேலை போயிற்று.

இந்தத் தரையை அடியில் எதிலும் ஒட்டுவதில்லை, ஆணியும் அடிப்பதில்லை. அறை முழுக்க விரித்த பாய் போல அது சும்மா கிடக்கிறது. மரநார் மழைக்காலத்து ஈரக்காற்றில் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் விட்டுக்கொடுப்பதுதான் வேலையின் சூட்சுமம். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்க வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

பழைய மொசைக், டைல்ஸ் தரையை உடைக்க வேண்டியதில்லை. அதன் மேலேயே போடலாம். ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும். 2 மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பள்ளத்தின் மேல் விழும் பலகை ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி அமுங்கி, கடைசியில் கிளிக் உடைந்துவிடும். தரைத்தளத்து வீடுகளில் ஓதம் இன்னொரு எதிரி. ஒரு பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டு எடுத்தால், உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வியர்த்திருந்தால் ஓதத்தைச் சரிசெய்யாமல் தொடங்கக் கூடாது. வியர்க்காவிட்டாலும் சிமென்ட் தரையின் மேல் பாலித்தீன் விரிப்பு ஒன்று, அதன்மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் ஷீட் என்று போடுவதே முறை. கரையான் ஏறும் வீட்டில் அதற்கு மருந்தடித்த பிறகே இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. 10 அடி அறை என்றால் 3048 மி.மீ. இரு சுவர் ஓரமும் 10 மி.மீ. விட்டால் மிச்சம் 3028. பலகையின் அகலம் 188 மி.மீ. என்றால் 16 வரிசைக்கு 3008 போய்விடும். கடைசி வரிசைக்கு வெறும் 20 மி.மீ. கீற்று. அது நிற்காது, பார்க்கவும் சகிக்காது. முதல் வரிசையையே 104 மி.மீ.க்கு அறுத்துக்கொண்டால் கடைசி வரிசையும் 104 ஆகிவிடும். அளவெடுக்காமல் மூலையில் தொடங்குகிறவர்கள் மாலையில் தலையில் கைவைப்பது இந்தக் கீற்றைப் பார்த்துத்தான்.

பலகைகளைச் சன்னல் வெளிச்சம் விழும் திசையிலேயே நீளவாக்கில் ஓட்டினால் இணைப்புக் கோடுகள் கண்ணில் உறுத்தாது. சுவரோரம் ஆப்பு வைத்து இடைவெளியைக் காத்துக்கொண்டு, அடுத்த வரிசைப் பலகையைச் சாய்த்து விளிம்பில் செருகிக் கீழே அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். இறுக்கமாக இருந்தால் இடையில் ஒரு கட்டையை வைத்துத்தான் தட்ட வேண்டும். சுத்தியல் நேராகப் பட்டால் விளிம்பு நொறுங்கும். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே நேரில் வராமல், செங்கல் கட்டுவதைப் போல 30 செ.மீ.யாவது தள்ளி வர வேண்டும். ஜிக்சாவில் அறுப்பவர்கள் பலகையைக் கவிழ்த்து வைத்து அறுப்பார்கள். பிளேடு மேல்நோக்கி வெட்டுவதால் சிம்பு அடிப்பக்கத்தோடு போகும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வெட்டுவதைவிட, நிலையின் அடியைச் சற்று அறுத்துப் பலகையை உள்ளே நுழைப்பதே நேர்த்தி.

ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. தரையோடு ஆணி சேர்ந்தால் பலகை நகர முடியாமல் நடுவில் கூடாரம் போல எழும்பும். டோர் ஸ்டாப்பருக்குப் போடும் ஒரே ஒரு திருகாணிகூட இந்த வேலையைச் செய்துவிடும்.

குளியலறைக்கு இது ஆகாது. மற்ற அறைகளிலும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டும். ஊறி விளிம்பு தூக்கிய பலகையை இழைத்துச் சரிசெய்ய வழியில்லை. மேலே இருப்பது தாள்தானே. பக்கத்துச் சுவரிலிருந்து அந்த வரிசைவரை கழற்றித்தான் மாற்றுவார்கள். அதே அச்சு பிறகு கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வைப்பார்கள்.