செத்துப் பிழைத்த கேக்: ஒரு பழைய பெயரின் விலை

பட்டிப்பொல புகையிரத நிலையம் 6,224 அடி உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் கிடையாது. அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். எந்தக் கம்பனியின் கேக்கும் பிஸ்கட்டும் விற்பனையாகும் என்பதை வாடிக்கையாளரின் நாக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த லொறி மலையேறி வருகிறது என்பதும் தீர்மானிக்கிறது. 2022இல் டீசலுக்கு வரிசை நின்ற மாதங்களை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பகுதிக் கடைக்காரர்கள் அந்த நாட்களில் விற்றது கேட்ட சாமானையல்ல, வந்த சாமானை.

“முதலாளி, அந்தப் பழைய கேக் இப்ப வாறதில்லையா?” என்று தோட்டத்து வயதானவர்கள் கேட்பதுண்டு. ஆசை இருக்கிறது, காசும் இருக்கிறது, சாமான்தான் இல்லை. மக்கள் விரும்பும் ஒரு பெயர் ஏன் சந்தையிலிருந்து மறைகிறது? மறைந்த பெயர் திரும்பி வரும்போது அதன் இலாபம் யாருக்குப் போகிறது? இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பாடசாலைப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த ‘ட்விங்கி’ என்ற சிறு கேக்கின் கதை அது.

1930இல் கொன்டினென்டல் பேக்கிங் கம்பனியில் வேலை செய்த ஜேம்ஸ் டூவர் என்பவர் இதை உருவாக்கினார். ஸ்ட்ரோபெரி கேக் செய்யும் தட்டுகள் பழக்காலம் முடிந்ததும் சும்மா கிடந்தன. அவற்றில் நீளமான சிறு கேக்கைச் சுட்டு, உள்ளே வாழைப்பழக் கிரீமை ஏற்றினார். இரண்டு கேக் ஐந்து சதம். வீதியோரம் கண்ட ஒரு சப்பாத்து விளம்பரப் பலகையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் வாழைப்பழம் தட்டுப்பாடானபோது வனிலாக் கிரீமுக்கு மாறினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. சும்மா கிடந்த தட்டுக்கு வேலை தேடியதில் பிறந்த சாமான் இது என்பது நமது பேக்கரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது.

பல கைகள் மாறி, 1995இல் இன்டர்ஸ்டேட் பேக்கரிஸ் என்ற பெரிய பாண் கம்பனியிடம் இது வந்து சேர்ந்தது. அக்கம்பனி 2004இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2009இல் வெளியே வந்து ‘ஹோஸ்டஸ் பிராண்ட்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. கடன் சுமை மட்டும் மாறவில்லை. பத்து வருடத்துக்குள் ஆறு தலைமை நிர்வாகிகள் வந்து போனார்கள். 2012 ஜனவரியில் மீண்டும் வங்குரோத்து. அப்போது கடன் சுமார் 86 கோடி டொலர்.

மக்கள் ஆரோக்கிய உணவுக்கு மாறிவிட்டார்கள், அதனால்தான் விழுந்தது என்று பலர் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. அக்கம்பனி தன் சாமானைத் தானே கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. சுமார் 5,500 விநியோகப் பாதைகள், 33 பேக்கரிகள், தொழிற்சங்கங்களோடு 372 ஒப்பந்தங்கள். சில ஒப்பந்தங்களின்படி பாணும் கேக்கும் ஒரே கடைக்குப் போனாலும் ஒரே லொறியில் போக முடியாது. ஏற்றுவது ஒருவர், ஓட்டுவது இன்னொருவர். ஒரு டொலர், இரண்டு டொலர் சாமானுக்கு இத்தனை செலவு!

தொழிலாளர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முதல் வங்குரோத்தின்போதே அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். 2011 ஆகஸ்டில் கம்பனி ஓய்வூதிய நிதிகளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தோட்டப்புறத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மீண்டும் சம்பளக் குறைப்பு என்றதும் பேக்கரித் தொழிலாளர் சங்கம் 2012 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தது. ஒரு வாரத்தில் கம்பனி கதவை மூடப்போவதாக அறிவித்தது. நவம்பர் 21ஆம் திகதி நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. வேலை இழந்தவர்கள் சுமார் 18,500 பேர்.

மூடப்படும் செய்தி வந்த அன்றே கடைத் தட்டுகள் காலியாகின. பல வருடமாக ட்விங்கியைத் தொடாதவர்களும் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். இணைய ஏலத்தில் பல மடங்கு விலை கேட்டார்கள். இந்த அன்பில் பாதியை முன்னரே காட்டியிருந்தால் கம்பனி விழுந்திருக்காதே என்று தோன்றும். கிடைக்காது என்று தெரிந்ததும் ஆசை கூடுவது மனித இயல்பு.

அந்த ஆசைக்கு விலை இருக்கிறது என்பதை இரண்டு தரப்பினர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று அப்பலோ என்ற முதலீட்டு நிறுவனம். மற்றவர் டீன் மெட்ரோபூலஸ், பழைய பெயர்களை வாங்கிப் புதுப்பித்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர். 2013இல் கேக் பெயர்களையும் ஐந்து பேக்கரிகளையும் 41 கோடி டொலருக்கு வாங்கினார்கள். பழைய கடன், பழைய ஒப்பந்தம், ஓய்வூதியப் பொறுப்பு எதுவும் அவர்களுடன் வரவில்லை. பாண் பெயர்கள் தனியாக வேறு கம்பனிகளுக்கு விற்கப்பட்டன. 2013 ஜூலை 15ஆம் திகதி ட்விங்கி கடைக்குத் திரும்பியது.

கேக்கின் உருவமும் ருசியும் பெரும்பாலும் பழையதுதான். மாறியது அது பயணம் செய்யும் வழி. கடை கடையாகப் போகும் லொறிகளை விட்டுவிட்டார்கள். மொத்தக் களஞ்சியங்களுக்குச் சாமானை அனுப்பினார்கள், கடைகள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன. ட்விங்கி என்றைக்கும் கெடாது என்று அமெரிக்காவில் பகிடியாகச் சொல்வார்கள். உண்மையில் அதன் பழைய பாவனைக் காலம் 26 நாட்கள்தான். களஞ்சியத்தில் தங்கிப் போகும் சாமானுக்கு அது போதாது. பழைய கம்பனி தன் கடைசி நாட்களிலேயே அதை 45 நாட்களாக நீட்டத் தொடங்கியிருந்தது, ஆனால் அந்தக் கேக்குகள் கடைகளுக்குப் பரவுமுன் கதவு மூடப்பட்டுவிட்டது. புதியவர்கள் அதைப் பின்னர் 65 நாட்கள் வரை கொண்டுபோனார்கள். இதனால் பழைய லொறிகள் எட்டிப் பார்க்காத சிறு கடைகளுக்கும் கேக் போய்ச் சேர்ந்தது. இந்த வியாபாரத்தின் உயிர் இருப்பது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சில்லறைக் கடைக்காரர் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கம்பனி லொறி நேரில் வரும்போது ஓட்டுநரே தட்டை அடுக்குவார், பழையதை எடுத்துப் போவார். களஞ்சியம் வழியாக வரும்போது அந்த வேலை பெரும்பாலும் கடைக்காரர் தலையில் விழுகிறது. காலாவதியான பெட்டியின் நட்டமும் அப்படித்தான்.

நமது வாசகர்களுக்கு இன்னொரு குறிப்பு. ட்விங்கியின் உள்ளடக்கப் பட்டியலில் மாட்டுக் கொழுப்பும் உண்டு. வெறும் மா, முட்டை, சீனி என்று நினைக்கும் இறக்குமதிக் கேக்குகளிலும் இப்படி இருக்கக்கூடும். ஹலால் சான்று இல்லாத பெட்டியை எடுப்பவர்கள் பின்பக்க எழுத்தை வாசித்துவிட்டே எடுக்க வேண்டும்.

வாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 41 கோடி டொலருக்கு வாங்கியது, 2016இல் பங்குச் சந்தைக்குப் போனபோது சுமார் 230 கோடியாக மதிக்கப்பட்டது. 2023இல் ஜாம் தயாரிப்பாளரான ஸ்மக்கர் கம்பனி, கடனையும் சேர்த்து 560 கோடி டொலருக்கு வாங்கியது. வாங்கிய பிறகுதான் விலை கூடிவிட்டது தெரிந்தது. 2025இல் முடிந்த நிதியாண்டில் மட்டும் இந்தக் கேக் பிரிவின் மதிப்பில் சுமார் 200 கோடி டொலரை ஸ்மக்கர் தன் கணக்கிலிருந்து வெட்டிவிட நேர்ந்தது. இன்டியானாபொலிஸ் பேக்கரியை மூடப்போவதாகவும் அறிவித்தது. சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள ஷில்லர் பார்க் பேக்கரி, 2013இல் மீண்டும் திறக்கப்பட்டு 2014இலேயே மூடப்பட்டிருந்தது. ஆக, நடுவில் வாங்கி நடுவில் விற்றவருக்கே கொழுத்த இலாபம்.

இதே வியாபாரம் இப்போது நமக்குப் பக்கத்திலும் நடக்கிறது. 1977இல் கொக்கா கோலா இந்தியாவை விட்டுப் போனபோது வளர்ந்த கம்பா கோலா, 1993இல் அது திரும்பி வந்தபின் தேய்ந்து மறைந்தது. 2022இல் ரிலையன்ஸ் அந்தப் பெயரை வாங்கி, 2023இல் மீண்டும் சந்தைக்கு விட்டது. 200 மி.லீ. போத்தல் 10 இந்திய ரூபா. ரிலையன்ஸ் பழைய ஞாபகத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. போட்டிக் கம்பனிகள் கொடுப்பதைவிடக் கடைக்காரருக்குக் கூடுதல் இலாபப் பங்கு கொடுத்தது. நமது எலிபன்ட் ஹவுஸ் பானங்களை இந்தியாவில் தயாரித்து விற்க அதே ரிலையன்ஸ் 2023 நவம்பரில் உடன்படிக்கை செய்துகொண்டதும் நினைவிருக்கலாம்.

அப்படியொரு பழைய பெயரோடு நாளை ஒரு சேல்ஸ் ரெப் உங்கள் கடைக்கு வந்தால், உறையின் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நூற்றுக்கு எத்தனை இலாபம், எத்தனை நாள் கடன், திகதி முடிய எத்தனை நாள் இருக்கும்போது சாமான் கைக்கு வரும் என்று கேளுங்கள். விற்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பட்டிப்பொல போன்ற இடத்துக் கடைக்காரர் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: மழைக்காலத்திலும் லொறி வருமா?