தாய் நின்றது, பிள்ளை நிற்கவில்லை

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சிலரிடம் பதிவு செய்த ஒலிப்பதிவுகளை ஓர் இரவு மெமரி காட்டிலிருந்து வன்தட்டுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் கணினி. கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்க நானே எழுதிய சிறிய நிரல். இடையில் அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்தது. இன்னொரு சாளரத்தில் நிரலின் இலக்கத்தைக் கொடுத்து ‘கில்’ கட்டளையிட்டேன். நின்றுவிட்டதென்று நம்பி, வன்தட்டை முறைப்படி வெளியேற்றாமலே கழற்றினேன். மறுநாள் கேட்டால், ஒரு தாயின் பேச்சு பாதியில் அறுந்திருந்தது. காட்டை அழிக்காமல் வைத்திருந்ததால் அந்தக் குரல் தப்பியது.

நடந்தது இதுதான். என் நிரல் தாய்ச் செயல்முறை. பிரதி எடுக்கும் வேலையை அது ஒரு பிள்ளைச் செயல்முறையிடம் கொடுத்திருந்தது. ‘கில்’ கட்டளை, நாம் கொடுத்த இலக்கத்துக்கு மட்டுமே சிக்னல் அனுப்பும். வேறெதுவும் சொல்லாவிட்டால் அது 15ஆம் இலக்க சிக்னல். தாய் நின்றது. பிள்ளைக்குச் செய்தியே போகவில்லை. தாயை இழந்த பிள்ளையை வழக்கமாக 1ஆம் இலக்கச் செயல்முறை பொறுப்பேற்கும், வேலை தொடரும்.

அதே சாளரத்தில் கொன்ட்ரோல், சி விசைகளை அழுத்தியிருந்தால் இரண்டுமே நின்றிருக்கும். ஏனெனில் அப்போது 2ஆம் இலக்க சிக்னல், அந்தச் சாளரத்தின் முன்னணியில் ஓடும் செயல்முறைக் குழு முழுவதற்கும் போகிறது.

குழு என்பது நம் குடும்ப அட்டை போன்றது. நிரலைத் தொடங்கும்போது அதன் இலக்கமே குழுவின் இலக்கமாகிறது. பிறக்கும் பிள்ளைகளுக்கும் அதே குழு இலக்கம். தலைவர் இல்லாமல் போனாலும், கடைசி உறுப்பினர் இருக்கும்வரை அட்டை செல்லும். ஆகவே தாய் போன பின்னும் பிள்ளையை நிறுத்த வழியுண்டு: குழு இலக்கத்தின் முன் கழித்தல் குறியிட்டு, ‘கில் -- -4210’ என்பதுபோல் கட்டளையிட வேண்டும். தனக்கெனப் புதிய குழு அமைத்துக்கொண்ட பிள்ளைக்கு மட்டும் இது எட்டாது.

இப்போதெல்லாம் ‘பிஎஸ்’ கட்டளையில் செயல்முறை, தாய், குழு ஆகிய மூன்று இலக்கங்களையும் பார்த்த பிறகே வன்தட்டை வெளியேற்றுகிறேன். பிரதியை முழுவதும் கேட்காமல் காட்டை அழிப்பதில்லை. அந்தத் தாய்மாரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு மனமில்லை.