மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ்: பயணத்திற்கு முன் அறிய வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் என்பது மஞ்சள் காமாலை அன்று. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் கொசுக்கள் வழியே பரவும் வைரஸ் நோய் இது. இந்தியாவில் இந்நோய் இல்லை. எனினும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இதனையும் பரப்ப வல்லது. அக்கொசு நம் வீடுகளைச் சுற்றியே உள்ளது. ஆகவேதான் சான்றிதழ் விதி இங்குக் கண்டிப்புடன் கடைப்பிடிக்கப்படுகிறது.

யாருக்குத் தேவை?
கானா, உகாண்டா போன்ற நாடுகளில் நுழைவதற்கே இச்சான்றிதழ் தேவை. நைஜீரியா, கென்யா, பிரேசில் போன்ற நோய் அபாயமுள்ள நாடுகளிலிருந்து இந்தியா திரும்பும்போதும் இதனைக் காட்ட வேண்டும். சான்றிதழ் இன்றி, அந்நாடுகளை விட்டுப் புறப்பட்ட 6 நாட்களுக்குள் இந்தியா வந்தடைவோர் தனிமைப்படுத்தப்படலாம்.

எப்போது, எங்கே?
தடுப்பூசி ஒரே ஒரு தவணைதான். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். பயணத்திற்கு இரண்டு நாள் முன்னர் வருவோருக்கு ஊசி போட்டாலும் சான்றிதழ் உடனே பயன் தராது. எனவே ஒரு மாதம் முன்னரே திட்டமிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இது போடப்படும்; சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. பாஸ்போர்ட்டை உடன் கொண்டு செல்லுங்கள்.

எத்தனை ஆண்டுகள் செல்லும்?
2016 ஜூலை 11 முதல் இச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். 10 ஆண்டுகள் எனக் குறிக்கப்பட்ட பழைய சான்றிதழுக்கும் இது பொருந்தும். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்கின்றனவா, மருத்துவரின் கையொப்பமும் மையத்தின் முத்திரையும் உள்ளனவா என அங்கேயே சரிபாருங்கள். அடித்துத் திருத்திய சான்றிதழ் ஏற்கப்படாமல் போகலாம்.

நோயாளிகள் கவனத்திற்கு
இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளோர், 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இதனைப் போடக்கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 60 வயதைக் கடந்தோர் மருத்துவரிடம் கலந்தாலோசித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

சான்றிதழுக்காக நோயையோ, உட்கொள்ளும் மருந்துகளையோ மறைக்க வேண்டாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி போட இயலாதவருக்கு, காரணத்தைக் குறிப்பிட்டு மருத்துவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ விலக்குக் கடிதம் வழங்கலாம். அதனை ஏற்பது செல்லும் நாட்டின் முடிவாகும். புறப்படும் முன்னர் அந்நாட்டுத் தூதரகத்தில் விசாரியுங்கள். விலக்குப் பெற்றவரை நோயிலிருந்து கடிதம் காக்காது. பயணத்தைத் தள்ளிவைக்க இயலுமா என முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஊசிக்குப் பின் லேசான காய்ச்சலும் உடல்வலியும் சிலருக்கு வரலாம். கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் சென்று, தடுப்பூசி போட்ட தேதியைத் தெரிவியுங்கள்.