தோளுக்கு ஏற்ற கட்டை

செஞ்சி, திண்டிவனம் பக்கம் மல்லாட்டை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். விவசாயி சுடலாம் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் பன்றிப் பேச்சு எடுத்தால் கூடவே துப்பாக்கிப் பேச்சும் வந்துவிடுகிறது.

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஒற்றைக் குழல்தான். நரிக்குறவர்கள் கையில் இருந்ததும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. போல்ட் இழுத்துச் சுடும் ரைபிள் அபூர்வம். .303 ராணுவம், போலீசுக்கான அளவு, பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்ட் அமைப்பில் .315 ரைபிளைச் செய்து விற்கிறது. குறி தப்பினால் வாங்கியவர் முதலில் குறை சொல்வது குழலை. என்னைக் கேட்டால், தோளில் பதியும் கட்டையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

கட்டை ஆளுக்கு ஆள் மாறவேண்டிய பொருள். பழைய .303 செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. நீளம், சாதாரணம், குட்டை, அதிலும் குட்டையாக ‘பான்டம்’ என்று அரை அரை அங்குல வித்தியாசத்தில் பின்கட்டைகள் வந்தன. முதல் உலகப் போரில் 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைவான ஆட்களைச் சேர்த்த படைப்பிரிவுகளின் பெயர்தான் பான்டம். நம் ஊரில் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிள் பிடித்த குட்டையான பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கன்னத்தைக் கட்டையில் பதிக்கக் கழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டியிருந்தது என்று சொல்வார்கள்.

தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, முழங்கையை மடக்கி, அதன் மடிப்பில் கட்டையின் அடியை வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட்டால் நீளம் சரி. வெளிநாட்டுக் கடைக் கட்டைகள் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி வருகின்றன. நம்மில் பலருக்கு அது அதிகம். போட்டி ரைபிளில் கன்னப் பலகை, தோள் தகடு எல்லாம் திருகைத் தளர்த்தி நகர்த்தலாம். 2024 பாரிஸில் 50 மீட்டர் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே போன்றவர்கள் படுத்து, மண்டியிட்டு, நின்று என மூன்று நிலையிலும் சுடுவதற்கு இந்த வசதி இல்லாமல் முடியாது.

நீளம் சரியானால் வேலை முடிந்ததா? இனிமேல்தான் கஷ்டமே. இரும்பு மரத்தில் எங்கே தொடுகிறது என்பதில் குறி இருக்கிறது. குழலின் அடிப்பாகத்தில் கரி எண்ணெய் தடவி, கட்டையில் இறக்கி, எடுத்துப் பார்ப்பார்கள். கறுப்பு பதிந்த மேட்டை மட்டும் உளியால் லேசாகச் சுரண்டி, மறுபடி இறக்குவார்கள். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. பல ரைபிள்களில் குழல் மரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். அதற்கு ஒரு ரூபாய் நோட்டை இடையில் விட்டு இழுத்துப் பார்த்தால் போதும். பழைய .303 இதற்கு விலக்கு, அதில் முன்கட்டை குழலைத் தாங்கவே செய்யும். அதில் இன்னொரு பொறியும் உண்டு. பின்கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பழைய கட்டைகள் எத்தனையோ.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறும். சித்திரை வெயிலில் சுருங்கும். அதோடு மரக்காணம் பக்கத்து உப்புக்காற்று. காஷ்மீர் அக்ரூட் மரமே ஆனாலும் எண்ணெய் காணாவிட்டால் குழலோடு முட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் பலர் ஃபைபர் கட்டைக்கு மாறியதற்கு இது ஒரு காரணம். அழகில்லைதான். மழைக்கு அது அசைவதில்லை.

சரி, இங்கே யார் மாற்றித் தருவது? கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அங்கத்து மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. உளி பிடிக்கத் தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் தனி லைசென்ஸ் வேண்டும். சொந்தத் துப்பாக்கிதானே என்று தெருக்கோடி ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வர முடியாது. லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து வாங்கிய பிறகும் குறியை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். அதற்கு அனுமதி பெற்ற சுடுதளத்துக்குத்தான் போக வேண்டும், மல்லாட்டைக் கொல்லைக்கு அல்ல.